பாங் விளையும் மலையில்: கட்வாலில் இருந்து குமாவூன் வரை

சனிக்கிழமை, கோட்துவார்

ரயில் பாதை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். உத்தராகண்டின் பௌரி கட்வால் மாவட்டத்துக்குள் நுழைய இதுதான் வாசல். நான் வந்திருப்பது கோயிலுக்கோ பனிமலைக்கோ இல்லை, ஹெம்ப் பார்க்க.

கஞ்சாச் செடியும் ஹெம்ப்பும் தாவரவியல்படி ஒரே இனம். போதை தரும் டிஎச்சி என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். உலர்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெம்ப். தண்டில் நாரும் விதையில் எண்ணெயும் கிடைக்கும். அதைப் புகைத்தால் தலைவலிதான் மிச்சம்.

ஊரில் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "அது தடை செய்யப்பட்டதாச்சே?" என்பதுதான். பாதிதான் சரி. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடை செய்கிறது. அனுமதியில்லாமல் வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் அதே சட்டத்தின் 10-வது பிரிவு, சாகுபடிக்கு அனுமதி தந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. 14-வது பிரிவு இன்னும் நேராகவே பேசுகிறது: நாருக்காகவோ விதைக்காகவோ தோட்டக்கலைக்காகவோ வளர்க்க அரசு அனுமதிக்கலாம். 1961-ம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தமே தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்துவிட்டது. ஆக, கதவு 1985-லிருந்து பூட்டப்படாமல்தான் இருக்கிறது. தள்ளிப் பார்த்த முதல் மாநிலம் உத்தராகண்ட், 2018-ல். இந்த மாவட்டத்தில்தான் முன்னோட்டமாக உரிமம் கொடுத்தார்கள்.

ஆறேழு ஆண்டுகளில் என்ன விளைந்தது என்று பார்க்கத்தான் இந்த வாரம். நாளை காலை ஜீப்.

ஞாயிறு, யம்கேஷ்வர் போகும் வழியில்

துகட்டாவைத் தாண்டி ஒரு மணி நேரம் போனதும் மலைச்சரிவில் படிக்கட்டு வயல்கள் தெரிய ஆரம்பித்தன. பாதிக்கு மேல் தரிசு. கல் வரப்புகள் சரிந்து கிடக்க, உண்ணிச்செடி மேலேறியிருக்கிறது. கூரை விழுந்த வீடுகளைக் காட்டி ஓட்டுநர், "இவர்கள் டெல்லியில், அவர்கள் டேராடூனில்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உத்தராகண்டின் மக்கள்தொகை கூடியபோது பௌரி மாவட்டமும் குமாவூன் பகுதியின் அல்மோரா மாவட்டமும் மட்டும் குறைந்திருந்தன. வேலை இல்லை, பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி அதைவிடத் தூரம். அதையும் மீறி விதைத்தால் இரவில் காட்டுப்பன்றி, பகலில் குரங்கு.

ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வீட்டின் பின்னால், சாணக்குழியை ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த பாங் செடிகள். கஞ்சாச் செடிக்கு இங்கே அதுதான் பெயர். யாரும் விதைத்ததில்லை, எரு இருக்கும் இடத்தில் தானாகவே வரும். அங்கே புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்கள் பேட்டா, பறிக்காமல் பாருங்கள். போலீஸ் வந்தால் நீங்கள் போய்விடுவீர்கள், நான்தான் பதில் சொல்லணும்" என்றார்.

அப்புறம் அவரே காய்ந்த தண்டு ஒன்றை எடுத்து வந்தார். அடியில் கட்டைவிரலால் ஒடித்தார். உள்ளே வெள்ளையாக, கிட்டத்தட்ட தக்கை போல இருந்த கட்டை மட்டும் சட்டென்று முறிந்தது, தோல் முறியவில்லை. அதைப் பிடித்து மேலே இழுத்ததும் ஒரு கை நீளத்துக்கு நாடாவாக உரிந்து வந்தது. இரண்டு நாடாவைத் தொடையில் வைத்து ஒரு உருட்டு, எதிர்ப்பக்கம் ஒரு முறுக்கு. அவ்வளவுதான், கயிறு. அதிலேயே புல்கட்டைக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன், விரல்தான் வலித்தது.

அவருடைய மாமியார் காலத்தில் இந்த நாரில் சாக்கும் முரட்டுத் துணியும் நெய்வார்களாம். பாங்கேலா என்று பெயர். இப்போது பிளாஸ்டிக் சாக்கு. தினசரிக் கயிற்றுக்கு பீமல் மரத்து நார் போதும், அதற்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

குரங்கு இதைத் தின்னுமா என்று கேட்டேன். "குரங்குக்கு நம்மைவிட அறிவு அதிகம், கிட்டே வராது. பன்றியும் தோண்டாது." இந்த மலையில் ஹெம்ப்புக்கு ஆதரவாக நான் கேட்ட வாதங்களில் வலுவானது இதுதான். கார்பன், காலநிலை என்பதெல்லாம் மாநாட்டில் பேச வேண்டியவை. இவர்களுக்கு, அறுவடை வரை நிற்கிற பயிர் வேண்டும்.

திங்கள், யம்கேஷ்வர்

இன்று ஒரு சுவரைப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள்.

இந்தப் பகுதியில் ஹெம்ப் கலந்து கட்டிய வீடுகள் வர ஆரம்பித்திருக்கின்றன. நார் உரித்த பிறகு மிஞ்சும் அந்த வெள்ளைக் கட்டையைச் சிறு சில்லுகளாக நறுக்கி, சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்து, மரச்சட்டங்களுக்கு நடுவே பலகை அடைத்து அடுக்கடுக்காகக் கெட்டிப்பார்கள். பெயர் ஹெம்ப்கிரீட். பூசாமல் விட்டிருந்த ஒரு ஓரத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன, நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது, தட்டினால் கல்லின் சத்தம் இல்லை, 'தொப்' என்கிறது. வெளியே நல்ல வெயில். உள்ளே போனதும் சட்டை முதுகில் ஒட்டுவது நின்றது.

இது பாரம் தாங்கும் சுவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூரையைத் தாங்குவது மரச்சட்டம். சுவர் வெப்பத்தையும் குளிரையும் தடுக்கிறது, ஈரத்தை உறிஞ்சி வெளியே விடுகிறது, எளிதில் தீப்பிடிக்காது, எடையும் குறைவு. 1991-ல் உத்தரகாசி, 1999-ல் சமோலி என்று நிலநடுக்கம் பார்த்த மலை இது. தலைக்கு மேல் கல்லும் கான்கிரீட்டும் இருப்பதைவிட இலேசான சுவர் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

புதுக் கண்டுபிடிப்பு என்றும் சொல்ல முடியாது. எல்லோரா குகைகளில் சுமார் 1,500 ஆண்டுகளாக நிற்கும் பூச்சுக்குள் கஞ்சாச் செடியின் துணுக்குகள் இருப்பதை 2016-ல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. அஜந்தாவில் அந்தக் கலவை இல்லை. அங்கே பூச்சியரிப்பு அதிகம் என்றும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

சுற்றுச்சூழல் கணக்கில் நான் முழுதாக ஒப்புக்கொள்வது இந்தச் சுவரைத்தான். ஒரு ஹெக்டேர் ஹெம்ப் 9 முதல் 15 டன் வரை கரியமில வாயுவை உறிஞ்சும் என்று ஐரோப்பிய ஆணையம் சொல்கிறது. நாலு மாதப் பயிருக்கு அது பெரிய அளவுதான். ஆனால் உறிஞ்சியது எங்கே போகிறது? தண்டை வயலில் எரித்தால் புகையாகத் திரும்பிவிடும். காகிதமானால் சில ஆண்டு. சுவரானால் வீடு நிற்கும் வரை அங்கேயே இருக்கும், சுண்ணாம்பு இறுகும்போது இன்னும் கொஞ்சத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே "ஹெம்ப் நல்லது" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எதற்குப் போகிற ஹெம்ப் என்று கேட்க வேண்டும்.

கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் சில்லு எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். முகம் மாறிவிட்டது. தண்டையும் நாரையும் பிரிக்கும் இயந்திரம் பக்கத்தில் இல்லை. கையால் உரித்து நறுக்கிக் கட்டுபடியாகாது. தண்டைச் சமவெளிக்கு அனுப்பிச் சில்லாகத் திருப்பிக் கொண்டுவந்தால் லாரி வாடகை சாப்பிட்டுவிடும். ஹெம்ப் தண்டு இடத்தை அடைக்கும், எடை இருக்காது. லாரி நிறைந்த மாதிரி தெரியும், தராசில் ஒன்றும் இருக்காது. பிரான்சில் ஐரோப்பாவின் பெரும்பங்கு ஹெம்ப் விளைகிறது. அங்கே சாகுபடி ஒருபோதும் முழுதாக நிற்கவில்லை, வயல்களும் ஆலைகளும் சேர்ந்தே இருக்கின்றன. இங்கே வயலுக்கு அனுமதி வந்தது, ஆலை வரவில்லை.

செவ்வாய், வழியில்

கும்காலைத் தாண்டியதும் மண்சரிவு. பாதை அடைப்பு. மூன்று மணி நேரம் புல்டோசரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு சத்புளியில் நயார் ஆற்றைப் பார்த்தபடி சோறும் ராஜ்மாவும். பௌரி வரும்போது இருட்டிவிட்டது. எழுத வேறொன்றும் இல்லை.

புதன், பௌரி

காலையில் ஜன்னலைத் திறந்தால் சௌகம்பா பனிச்சிகரம் நேர் எதிரே. பத்து நிமிடம் வேலை ஓடவில்லை.

மாநிலத்தின் ஊரக வளர்ச்சி மற்றும் புலம்பெயர்வுத் தடுப்பு ஆணையத்தின் தலைமையகம் இந்த ஊரில்தான். 2011-க்குப் பிறகு 734 கிராமங்கள் ஆளில்லாமல் போனதாக 2018-ல் அறிக்கை வெளியிட்டது அவர்கள்தான். ஹெம்ப் உரிமமும் அதே ஆண்டுதான் வந்தது. தரிசு நிலம் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதில் மானாவாரியாக, விலங்கு தொடாமல், நாலு மாதத்தில் விளையும் பயிர். தாளில் பார்த்தால் இதைவிடப் பொருத்தம் கிடையாது.

ஊருக்குக் கீழே ஒரு கிராமத்தில், உரிமத்தின் கீழ் பயிரிட்ட ஒருவரைச் சந்தித்தேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், பேச்சு அளந்து வரும். தேநீர் வந்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். விதை ஒரு நிறுவனம் கொடுத்தது. முளைப்பு நன்றாக இருந்தது, செடி ஒரே சீராக எழுந்தது. பூக்கும் நேரத்தில் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பயிரை அழிக்க வேண்டியதாயிற்று.

"பாய்சாஹப், கோதுமை வாடினால் வாடிவிட்டது என்று சொல்லலாம். நன்றாக வந்த பயிரை நானே வெட்டிக் கொளுத்தினேன். பக்கத்து வயல்காரர் அன்றிலிருந்து என்னைக் கஞ்சா வியாபாரி மாதிரி பார்க்கிறார்."

ஏன் தாண்டியது? காரணம் அந்தச் சாணக்குழியிலேயே இருக்கிறது. இந்த மலை முழுக்கத் தானாக வளரும் நாட்டு பாங் செடிகள். ஆண் செடி, பெண் செடி தனித்தனி, மகரந்தம் காற்றில் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். வெளியிலிருந்து குறைந்த டிஎச்சி விதை கொண்டுவந்து போட்டாலும், அதிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்தால் அது கலப்பு விதை. போதாததற்கு, பூ முற்ற முற்ற டிஎச்சி ஏறும். மாதிரி எடுக்கும் தேதி பத்து நாள் தள்ளினால் முடிவே மாறலாம்.

அந்த 0.3 என்ற எண்ணே இயற்கை போட்ட கோடு இல்லை. 1976-ல் கனடாவின் தாவரவியலாளர் எர்னஸ்ட் ஸ்மால், சக ஆய்வாளர் ஆர்தர் கிரான்கிஸ்ட்டுடன் சேர்ந்து இந்த இனத்தை வகைப்படுத்தும்போது வசதிக்காக வைத்த எல்லை அது. தன்னிச்சையானதுதான் என்று ஸ்மாலே சொல்லியிருக்கிறார். 0.3-க்கும் 0.5-க்கும் இடையில் யாருக்கும் போதை ஏறிவிடாது. ஒரு விவசாயியின் ஆண்டு வருமானம் மட்டும் அந்த இடைவெளியில் விழுந்துவிடும்.

எல்லையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இமாச்சலின் குலுவிலும் மலானாவிலும் இதே செடியைக் கையில் தேய்த்துச் சரஸ் என்ற போதைப் பிசினை எடுத்து என்ன வியாபாரம் நடக்கிறது என்று தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஆனால் எல்லை தாண்டினால் நட்டம் யாருக்கு என்பதைச் சட்டம் தீர்மானிக்கலாம் இல்லையா? அமெரிக்காவில் 0.3-ஐத் தாண்டிய பயிரை அழிக்கவோ வேறு வழியில் கழிக்கவோ வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவர்களுடைய 2021 விதிப்படி, உரிமம் பெற்று முறையாகப் பயிரிட்டவரின் செடியில் 1 சதவீதம் வரை இருந்தால் அதை அலட்சியக் குற்றமாகக்கூடக் கருதுவதில்லை. இங்கே அதற்கு ஒரு படி மேலேயே போகலாம். விதை கொடுத்தவர் சான்று கொடுத்திருந்தால், பயிர் தாண்டியதற்கு நட்ட ஈடு கொடுப்பதும் அவர் பொறுப்பு என்று உரிமத்திலேயே எழுதிவிடலாம். அப்புறம் பாருங்கள், இந்த மலைக்கு ஏற்ற விதையை உருவாக்கும் வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று.

அந்த ராணுவக்காரரிடம் மறுபடி போடுவீர்களா என்று கேட்டேன். "விதைக்கு யார் ஜாமீன் என்று சொல்லட்டும், போடுகிறேன்" என்றார்.

வியாழன், அல்மோரா போகும் பேருந்துகளில்

கர்ணபிரயாக், கைர்சைண், சௌகுட்டியா, த்வாராஹாட். நாள் முழுக்க வளைவுகள். முன் சீட்டுக்காரர் வாந்தி எடுத்தார், பக்கத்து சீட்டுக்காரர் அதைப் பற்றியே இருபது கிலோமீட்டர் பேசினார்.

கைர்சைண் பக்கம் ஓர் ஓடையில் நார்க்கட்டுகளை ஊறப்போட்டிருந்தார்கள். எந்தச் செடி என்று மேலிருந்து தெரியவில்லை. ஆனால் பார்த்ததும் மனதில் பட்டதை எழுதிவிடுகிறேன். ஹெம்ப் தோலையும் கட்டையையும் பிரிக்க, தண்டை ஊறவைக்க வேண்டும். ஓடையில் ஊறவைத்தால் வேகமாக நடக்கும், தண்ணீர் கெட்டு நாறும், மீன் செத்து மிதக்கும். வயலிலேயே பரப்பிப் பனித்துளியில் நனையவிடுவது இன்னொரு முறை. வாரக்கணக்கில் ஆகும், தண்ணீருக்குக் கேடில்லை. பனிக்கு இந்த மலையில் பஞ்சமா? ஒரு வீடு ஓடையில் ஊறவைத்தால் பரவாயில்லை. ஆயிரம் ஹெக்டேர் வந்தால் கங்கைக்குப் போகும் ஒவ்வொரு ஓடையும் நாறும். உரிம நிபந்தனையில் டிஎச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும்.

மருந்தே அடிக்க வேண்டாம், உரமே வேண்டாம் என்று இணையத்தில் ஓடும் பேச்சையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். பருத்தியைவிடத் தண்ணீரும் மருந்தும் குறைவுதான். அடர்த்தியாக விதைத்தால் களை எழும்பாது என்பதும் சரி. ஆனால் தழைச்சத்து நன்றாகவே கேட்கும். சும்மாவா சாணக்குழி ஓரம் முளைக்கிறது.

சந்தையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2018 டிசம்பரில் ஹெம்ப் சட்டபூர்வமானது. மறு ஆண்டே எல்லோரும் போட்டார்கள், பெரும்பாலும் சிபிடி என்ற மருந்துச் சாற்றை நம்பி. வாங்க ஆளில்லாமல் விலை தரைதட்டியது, களஞ்சியத்திலேயே கெட்டுப்போன பயிர் ஏராளம். கனடா 1998-லேயே அனுமதித்தது. அங்கே விதையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வளர்ந்தார்கள். எனக்கு இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. ஏன் என்று நாளை அல்மோராவில் சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன்.

வெள்ளி, அல்மோரா

சாப்பிட்டாயிற்று.

லாலா பஜாரை ஒட்டிய சந்து ஒன்றில், தங்கிய வீட்டுக்கார தீதி என்னைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டார். பாங் விதையை வெறும் வாணலியில் போட்டார். மிளகைவிடச் சின்னது, சாம்பல் நிறம், மேலே கோடு கோடாக. சூடேறியதும் கடுகு போலத் துள்ளி வெடித்தது, எள் வறுபடுகிற வாசனையோடு இலேசாகக் கொட்டை வாசனையும் வந்தது. அம்மியில் பச்சை மிளகாய், கொத்துமல்லி, உப்பு, கொஞ்சம் சீரகத்தோடு வைத்து அரைத்தார். தோல் நறநறவென்று நொறுங்கி, எண்ணெய் பிரிந்து கல்லில் மினுமினுத்தது. கடைசியில் எலுமிச்சை. உருளைக்கிழங்கு வறுவலோடு கொடுத்தார். தட்டு காலியாகும் வரை நான் எதுவும் பேசவில்லை.

"போதை ஏறுதா?" என்று கேட்டுச் சிரித்தார். இந்தப் பக்கம் வருகிற எல்லோரிடமும் கேட்பாராம். விதையில் போதை கிடையாது. குளிர்காலத்தில் இதே விதையை அரைத்துத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அந்தப் பாலைச் சேப்பங்கிழங்குக் குழம்பில் ஊற்றுவார்கள். உடம்புக்குச் சூடு என்று நம்பிக்கை.

இந்தச் சமையலறையைச் சட்டம் என்றைக்கும் தொட்டதில்லை. 1985 சட்டத்தில் கஞ்சா என்பதற்கான விளக்கத்திலேயே, பூங்கொத்து சேராத விதையும் இலையும் விலக்கப்பட்டிருக்கின்றன. பெரிய சந்தைக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நகரத்துக் கடைகளில் பாக்கெட்டில் வர ஆரம்பித்தது.

விதையில் ஏறக்குறைய 30 சதவீதம் எண்ணெய், 25 சதவீதம் புரதம். பிழிய ஒரு சின்னச் செக்கு போதும். ராட்சத இயந்திரம் வேண்டாம், லாரி லாரியாகத் தண்டு ஏற்ற வேண்டாம், கிராமத்துப் பெண்கள் குழு ஒன்று ஒரு வீட்டிலேயே நடத்தலாம். மூட்டை சிறிது, மதிப்பு அதிகம். மலைக்கு இதுதான் சரிவரும். முதலில் விதை; விதையில் காசு பார்த்துப் பரப்பு கூடிய பிறகு, பள்ளத்தாக்குக்கு ஒன்றாகத் தண்டு உரிக்கும் ஆலை; அதன் பிறகு யம்கேஷ்வரில் பார்த்த சுவர். அரசுகளோ ஜவுளி, கட்டடம், மருந்து எல்லாவற்றையும் ஒரே அறிக்கையில் போட்டு முதல் நாளே அறிவித்துவிடுகின்றன.

பக்கத்து மாநிலம் வேறு வழியில் தொடங்கியது. இமாச்சல் சட்டசபை 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் பயன்பாட்டுச் சாகுபடிக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் அமைச்சரவை, பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து முன்னோட்ட ஆய்வு நடத்த ஒப்புதல் கொடுத்தது. மெதுவாகத்தான் தெரிகிறது. ஆனால் விவசாயி வயலில் எரிவதற்குப் பதிலாக, தவறுகள் பல்கலைக்கழக வயலிலேயே எரிந்துபோகும். பௌரியில் அந்தத் தேநீர் குடித்த பிறகு எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரிகிறது.

வர நினைப்பவர்களுக்கு: அக்டோபர் நல்ல மாதம், விதை அறுவடையும் பார்க்கலாம், மழையும் விட்டிருக்கும். செடியைப் படம் எடுக்கும்முன் நிலத்துக்காரரிடம் கேளுங்கள்; ஞாபகத்துக்கு ஒரு இலை என்று எதையும் பையில் போட வேண்டாம், பூ ஒட்டியிருந்தால் சட்டத்துக்கு அது கஞ்சாதான். விதை வேண்டுமென்றால் அல்மோரா சந்தையில் வறுத்ததாகவே கிடைக்கிறது. ரயில் பிடிக்கக் காத்கோதாம் போகும் ஷேர் டாக்சி காலையிலேயே நிரம்பிவிடும், எட்டு மணிக்கு முன் ஸ்டாண்டுக்குப் போய்விடுங்கள்.